ஒருநாட் பயணமும் வதைமுகாம் வாயிலும்

உக்ரேனிய நெறியாளர் செர்கேய் லொஸ்னித்சா 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அவுஸ்டர்லிட்ஸ்' என்னும் விவரணப் படத்தைப் பற்றி மேலைநாட்டு விமர்சகர் எழுதியவற்றை நோக்குமிடத்து, ஒரு கருத்து அவற்றுட் பலவற்றிலே திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் காணலாம். வதைமுகாம் நினைவிடங்களுக்கு வந்து செல்லும் உல்லாசப் பிரயாணிகளின் அற்பத்தனத்தை இப்படம் தோலுரித்துக் காட்டுகிறது என்பதே அக்கருத்து. படத்தின் கலைவலிமையை நாமும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், மேற்கூறிய பாராட்டு எம்மிடத்தே ஒரு சஞ்சலத்தை ஏற்படுத்துகிறது. அற்பரைக் கண்டு முகஞ் சுளிப்பது எளிது; முகஞ் சுளிப்பவனுக்கு அதிலே ஓர் இன்பமும் உண்டு. பாசிசத்தைப் பற்றிய ஒரு படைப்பு அந்த இன்பத்தை மட்டும் எமக்குத் தந்துவிட்டுப் போகுமாயின் அதனால் விளையும் பயன் யாது என்ற வினாவை எழுப்ப வேண்டியவர்களாகிறோம்.

முதலிற் படத்தைப் பார்ப்போம். 94 நிமிடங்கள் ஓடும் இக் கறுப்பு வெள்ளைப் படத்தில் வருணனைக் குரல் இல்லை, பின்னணி இசை இல்லை, பேட்டிகள் இல்லை, பழைய காலத்து ஆவணக் காட்சிகளும் இல்லை. பேர்லினுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சாக்சன்ஹவுசன், மியூனிச் நகருக்கு அண்மையிலுள்ள டாகாவ் ஆகிய முன்னாள் வதைமுகாம்களிலே கமரா அசையாது நிறுத்தப்படுகிறது. கோடைகாலத்துக் கூட்டம் அதன் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அரைக் காற்சட்டை அணிந்தோர், பிள்ளைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவோர், வழிகாட்டும் ஒலிக்கருவியைக் காதோடு பொருத்தியோர், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தோர் என வந்துகொண்டே இருக்கின்றனர். 'உழைப்பு விடுதலை தரும்' என்ற நாசிகளின் பொய் வாசகம் பொறித்த இரும்பு வாயிலின் முன்னே குடும்பங் குடும்பமாக நின்று சிரித்த முகத்தோடு படம் பிடித்துக்கொள்கின்றனர். 'அருமையான கதை, தம்பி' என்ற கருத்தில் எள்ளல் வாசகம் அச்சிட்ட ரீ-சேர்ட்டை அணிந்த இளைஞன் ஒருவன் போகிறான். கைதிகளைக் கட்டிய கம்பத்தருகே, தானும் கட்டுண்டவர் போல் ஒருவர் பாவனை செய்கிறார். பாண் துண்டுகளைத் தின்றுகொண்டு இளைப்பாறுவோர் வேறு. ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் வழிகாட்டிகள் கூறும் விளக்கங்களின் துண்டுகள் எமது செவியில் விழுகின்றன. விழுந்த வேகத்திலேயே அடுத்த கூட்டத்தின் இரைச்சலிற் கரைந்தும் போகின்றன.

ஒவ்வொரு காட்சியும் நிமிடக் கணக்கில் நீள்கிறது. இந்த நீட்சியே படத்தின் உண்மையான சாதனை என்பது எமது கருத்து. முதல் நிமிடத்தில் நாம் கூட்டத்தைக் காண்கிறோம். இரண்டாம் நிமிடத்தில் ஆட்களைக் காணத் தொடங்குகிறோம். சிரித்துக்கொண்டு வந்த பெண்ணொருத்தி ஓர் அறையின் வாசலில் நின்று உள்ளே பார்க்கிறாள், சிரிப்பு நின்றுவிடுகிறது. என்ன கண்டாள் என்பது எமக்குக் காட்டப்படுவதில்லை. அவள் முகம் மட்டுமே எமக்குக் கிடைக்கிறது. இத்தகைய முகங்கள் படத்தில் ஆங்காங்கே உள்ளன. ரீ-சேர்ட் வாசகத்தைப் பற்றி எழுதியவர்கள் இம்முகங்களை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

வருபவர் யார் என்று சிறிது சிந்திப்போம். பேர்லினுக்கு நான்கு நாள் விடுமுறையில் வந்த ஒருவர் ஒரு நாளைச் சாக்சன்ஹவுசனுக்கு ஒதுக்குகிறார். நகர மத்தியிலிருந்து புகையிரதத்தில் ஒறானியன்பேர்க் செல்ல முக்கால் மணிநேரமளவு பிடிக்கும்; அங்கிருந்து கால்நடையாக இருபது நிமிடம். நுழைவதற்குக் கட்டணம் இல்லை. போலந்தின் கிறாக்கோவ் நகரிலோ இந்தப் பயணம் ஒரு பொதியாக விற்கப்படுகிறது: காலையில் அவுஷ்விட்ஸ், பிற்பகலில் வியெலிச்காவின் உப்புச் சுரங்கம், இடையிலே உணவு. 2019ஆம் ஆண்டில் மட்டும் அவுஷ்விட்ஸ் நினைவிடத்துக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். இந்தப் பொதியைக் கட்டியவன் பிரயாணி அல்லன். வருடத்தில் இரண்டு மூன்று வாரம் ஓய்வு பெறும் எழுதுவினைஞனும், ஆசிரியையும், தொழிற்சாலைப் பணியாளனும் தமக்குக் கிடைத்த நேரத்துக்குள் எதைப் பார்க்கலாம் என்பதை வேறொருவர் வகுத்த கால அட்டவணை தீர்மானிக்கிறது. இரங்கலையும் மணிக்கணக்கில் அளந்து விற்கக் கற்றுக்கொண்ட ஒரு வாணிபத்தின் வாடிக்கையாளர் அவர்கள். விற்பவனைத் தப்பவிட்டு வாங்கியவனை மட்டும் கூண்டில் ஏற்றும் விமர்சனம் முழுமையானதன்று.

அதுமட்டுமன்று. மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்ற எந்த ஆசிரியரும் ஒன்றை அறிவார். துயரம் நிறைந்த இடத்திலே மிகுதியாகச் சிரிக்கும் பையன் பல வேளைகளில் மிகுதியாகப் பயந்துபோன பையனாகவே இருப்பான். பவேரியா மாநிலத்தில் உயர்தரப் பாடசாலை மாணவர் வதைமுகாம் நினைவிடமொன்றைப் பார்த்து வருவது கல்வித்திட்டத்தின் பகுதியாகவே உள்ளது. டாகாவில் அவர்கள் நடந்துகொள்ளும் முறையைக் கண்டு வெகுளும் பெரியவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளை எரிசூளையின் முன்னே என்ன முகத்தோடு நிற்கவேண்டும் என்பதைத் தாமே ஒருமுறை செய்துகாட்டுதல் நன்று.

கமராவின் முன்னே நடக்கும் கால்கள் எதன்மீது நடக்கின்றன என்பதைப் படம் தன் வாயாற் சொல்லுவதில்லை. ஆகவே நாம் சொல்லவேண்டியதாகிறது.

சாக்சன்ஹவுசன் முகாம் 1936ஆம் ஆண்டுக் கோடையில் கட்டத் தொடங்கப்பட்டது. ஒறானியன்பேர்க் நகரத்தார்க்கோ வதைமுகாம் அதற்கு முன்னரே பழக்கமானது. 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நகரின் நடுவேயிருந்த பழைய மதுவடிசாலையொன்றிலே கம்யூனிஸ்டுகளையும் சமூக ஜனநாயகவாதிகளையும் அடைத்துவைத்தனர். கவிஞர் எரிக் மியூசாம் 1934ஆம் ஆண்டு யூலையிற் கொல்லப்பட்டது அங்கேதான். பின்னர் எழுந்த புதிய முகாம் முக்கோண வடிவிலே வரையப்பட்டது. அடித்தளத்தின் நடுவே வாயிற் கோபுரம். அதிலே வைத்த ஓர் இயந்திரத் துப்பாக்கியின் குறி முகாமின் எந்த மூலைக்கும் எட்டவேண்டும் என்பது கட்டடக் கலைஞனின் எண்ணம். 1936க்கும் 1945க்கும் இடையில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு அடைபட்டிருந்தனர், பல்லாயிரவர் மாண்டனர். 1938ஆம் ஆண்டு நவம்பர் வன்செயல்களை அடுத்து ஏறத்தாழ 6,000 யூதர் அங்கு கொண்டுவரப்பட்டனர். 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திற் சில வாரங்களுக்குள் பத்தாயிரத்துக்குக் குறையாத சோவியத் போர்க்கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். வைத்திய பரிசோதனை நடக்கிறதென்று நம்பவைத்து, உயரம் அளக்கும் கோலின்கீழ் அவர்களை நிறுத்திப் பின்னாலிருந்த துவாரத்தின் வழியே பிடரியிற் சுட்டனர். வெள்ளை அங்கியணிந்த கொலைஞரின் அந்த நாடகத்தைப் போல் நாசிசத்தின் இயல்பை விளக்குவது பிறிதில்லை.

வருகைக் கணக்கெடுக்கும் சதுக்கத்தைச் சுற்றி 1940ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட ஒரு பாதை உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 700 மீற்றர். கொங்கிறீட்டு, மணல், சரளை, களிமண் எனப் பல்வகைத் தரைகள் அதில் அடுத்தடுத்து இடப்பட்டிருந்தன. யுத்தகாலத்திலே தோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அதற்கு ஈடாக ஆக்கப்பட்ட செயற்கைப் பொருள்கள் பாதணிக்கு உகந்தனவா என்பதை ஆராயவேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சிக்குக் கைதிகளின் கால்கள் கருவிகளாயின. முதுகிலே சுமையேற்றி, நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் வரை, சிலவேளை அளவுக்குப் பொருந்தாத பாதணிகளோடு, அவர்களை அந்தப் பாதையிற் சுற்றிச் சுற்றி நடத்தினர். விழுந்தவன் எழாவிடில் அவன் கதை முடிந்தது. பாதணி தேய்ந்த அளவு குறிப்பேட்டில் ஒழுங்காகப் பதியப்பட்டது. யுத்தத்துக்குப் பின்பு ஜேர்மன் மக்கள் அணிந்த பாதணிகளிலும் இந்த ஆராய்ச்சியிற் பெற்ற அறிவு ஓரளவு கலந்திருந்திருக்கும் என்று எண்ணுதல் மிகையாகாது.

இன்று அந்தச் சதுக்கத்திலே கோடைகாலத்து மெல்லிய காலணிகள் அணிந்தோர் நடக்கிறார்கள். லொஸ்னித்சாவின் படத்தில் நாம் கேட்கும் முதன்மையான ஒலியும் சரளைக் கல்லில் உராயும் எண்ணற்ற காலடிகளின் ஒலியே. பாதணிப் பாதையின் வரலாற்றை அறிந்தவனுக்கு அந்த ஒலி தாங்கொணாதது. அறியாதவனுக்கு அது வெறும் சந்தடி. அறியாதவனை அறிந்தவனாக்கும் பொறுப்பைப் படம் ஏற்க மறுக்கிறது. இம்மறுப்பு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதை நாம் உணர்கிறோம். பார்வையாளனையும் உல்லாசப் பிரயாணியின் நிலையிலேயே நிறுத்துவது நெறியாளரின் நோக்கம் என்று சொல்லுவோரும் உளர். ஆயினும், அறியாமையைக் குறைகூறும் ஒரு படைப்பு அறிவைத் தர மறுப்பது ஒரு முரண்பாடே.

இவ்விடத்தில் அலன் றெனே 1955ஆம் ஆண்டில் உருவாக்கிய 'இரவும் மூடுபனியும்' என்ற 32 நிமிடப் படத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. அதுவும் கைவிடப்பட்ட முகாமிற்குப் பின்னாளில் வந்த ஒருவரின் பயணமே. ஆனால், அப்படத்துக்கு உரை எழுதிய ழான் கைறோல் தாமே மௌத்ஹவுசன் முகாமில் அடைபட்டிருந்த கவிஞர். இசையமைத்தவர் நாசிகளால் நாடுவிட்டோட நேர்ந்த ஹான்ஸ் ஐஸ்லர். ஜேர்மன் மொழியில் உரையைப் பெயர்த்தவர் தம் பெற்றோரை முகாமில் இழந்த பவுல் செலான். புல் முளைத்த நிலத்தை வண்ணத்திலும், அந்நிலத்தில் நடந்ததைக் கறுப்பு வெள்ளையிலும் றெனே காட்டினார். குறுப், சீமென்ஸ், ஐ. ஜி. பார்பன் ஆகிய கைத்தொழில் நிறுவனங்கள் முகாம்களிலிருந்து உழைப்பை எடுத்துக்கொண்டதைப் பெயர் சொல்லிக் கூறினார். அதனாற் படம் பட்ட பாடு சிறிதன்று. பித்திவியே முகாமைக் காவல்செய்த பிரெஞ்சுப் பொலிஸ்காரனின் தொப்பி ஒரு காட்சியில் தெரிகிறதென்பதற்காகப் பிரெஞ்சுத் தணிக்கையாளர் அதை மறைக்கவைத்தனர். 1956இற் கான் திரைப்பட விழாவின் போட்டியிலிருந்து அதை அகற்றும்படி மேற்கு ஜேர்மன் அரசு வற்புறுத்தியது, அகற்றவும்பட்டது. அப்படத்துக்கும் பெருங் குறையொன்று உண்டு. கொல்லப்பட்டோர் யூதராகப் பிறந்ததாலேயே கொல்லப்பட்டனர் என்ற உண்மையை அது ஏறத்தாழ விழுங்கிவிடுகிறது. எனினும், அது ஒருவரைச் சினங்கொள்ள வைத்தது. தணிக்கையாளனும் தூதரகமும் அஞ்சும்படியாக இருந்தது. 'அவுஸ்டர்லிட்ஸ்' படத்தைக் கண்டு அஞ்சவேண்டிய நிறுவனம் எது? குட்டைக் காற்சட்டை அணிந்த ஒரு பிரயாணிதான் வெட்கப்படக்கூடும். பழைய கணக்குகளை இன்னும் முற்றாகத் திறந்துகாட்டாத நிறுவனங்களுக்கு அதனால் ஒரு குறையும் நேராது.

நிறுவனங்களைப் பற்றிய பேச்சு வந்தமையால் ஒன்றைச் சொல்லிவைப்போம். ஒறானியன்பேர்க்கிலிருந்த ஹைங்கல் விமானத் தொழிற்சாலை சாக்சன்ஹவுசன் கைதிகளை ஆயிரக்கணக்கிற் பயன்படுத்தியது, சீமென்சும் பயன்படுத்தியது. உயிர்தப்பிய கட்டாய உழைப்பாளருக்கு இழப்பீடு வழங்குவதற்கென ஜேர்மன் அரசும் கைத்தொழிற்றுறையும் சேர்ந்து 1,000 கோடி மார்க் நிதியோடு ஒரு மன்றத்தை அமைத்தது 2000ஆம் ஆண்டில். யுத்தம் முடிந்து 55 வருடங்கள் கழிந்துவிட்டன. உழைத்தவர்களிற் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டனர்.

நினைவிடமும் தானாக முளைத்ததன்று. டாகாவ் முகாமின் மரக்கொட்டில்களில் யுத்தத்துக்குப் பின்னர் கிழக்கிலிருந்து வந்த ஜேர்மன் அகதிகள் பல ஆண்டுகள் குடியமர்த்தப்பட்டிருந்தனர். அங்கே நினைவிடம் வேண்டும் என்று ஆண்டாண்டாகக் கேட்டு நின்றவர்கள் முன்னாட் கைதிகளே. அவர்களுடைய சர்வதேசக் குழுவின் விடாமுயற்சியால் 1965இல் அது திறக்கப்பட்டது. பழைய கொட்டில்கள் இடிக்கப்பட்டுவிட்டன; இன்று பிரயாணி நுழைந்து பார்ப்பவை மீளக் கட்டப்பட்டவை. உண்மைச் சின்னம் என்று எண்ணிப் படம் பிடிப்பவர்க்கு இது தெரிந்திருந்தால் நன்று.

கிழக்கு ஜேர்மனியிற் சாக்சன்ஹவுசன் நினைவிடம் 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. 40 மீற்றர் உயரத் தூபி ஒன்று எழுப்பப்பட்டு, அதன் உச்சியிலே அரசியற் கைதிகளின் அடையாளமான செம்முக்கோணங்கள் பதினெட்டுப் பதிக்கப்பட்டன. ஐரோப்பாவின் பல்வேறு நாடுகளிலிருந்து வந்து நாசிசத்தை எதிர்த்து மடிந்த தோழர்களுக்கு எடுக்கப்பட்ட அச்சின்னத்தை இன்று ஏளனம் செய்வோருடன் எமக்கு உடன்பாடில்லை. டாகாவிலிருந்து 1933ஆம் ஆண்டு மே மாதத்திலே தப்பிய கம்யூனிஸ்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஹான்ஸ் பெய்ம்லர் அதே ஆண்டில் அம்முகாமைப் பற்றி நூல் வெளியிட்டு உலகை எச்சரித்தார். 1936இல் மட்ரிட் நகரைக் காக்கும் போரில் உயிர்நீத்தார். இத்தகையோரை மறந்துவிட்டு வதைமுகாமின் வரலாற்றை எழுத முடியாது.

ஆயினும் உண்மையைச் சொல்வதிலே பாரபட்சம் காட்டுவது முற்போக்காளருக்கு அழகன்று. அத்தூபியிலே செம்முக்கோணம் மட்டுமே இருந்தது. யூதரின் மஞ்சள் அடையாளம் இல்லை. தன்பாற் காதலுக்காக அடைபட்டோரின் இளஞ்சிவப்பு முக்கோணம் இல்லை. 'சமூக விரோதிகள்' என்று இழித்துரைக்கப்பட்ட ஏழைகளுக்கும் நாடோடி மக்களுக்கும் இட்ட கறுப்பு முக்கோணமும் இல்லை. 1950களின் தொடக்கத்திலே, கொலைக்களமாயிருந்த எரிசூளைக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் கிழக்கு ஜேர்மன் பாதுகாப்புப் படையினரே. 1945 ஆகஸ்டிலிருந்து 1950 வரை அதே முகாமைச் சோவியத் அதிகாரிகள் விசேட தடுப்பு முகாமாகப் பயன்படுத்தினர். அடைபட்டோர் ஏறத்தாழ 60,000 பேர். பசியாலும் நோயாலும் இறந்தோர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் நாசி அலுவலரும் இருந்தனர்; குற்றமேதும் செய்யாத இளைஞரும் இருந்தனர். இதனை நாசி முகாமோடு சமப்படுத்த முயல்வோரின் உள்நோக்கம் எமக்குத் தெரியாததன்று. ஆனால், அதைப் பேசாது விட்டதன் பலன் என்ன? எதிரி அதைத் தன் ஆயுதமாக்கிக்கொண்டான்.

எதிரி என்று நாம் கூறுவது உவமையாக அன்று. 1992ஆம் ஆண்டு செப்டெம்பரில், இஸ்ரேலியப் பிரதமர் றபின் சாக்சன்ஹவுசனுக்கு வந்து சென்ற சில நாட்களுள், யூதக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த கொட்டில்களுக்கு நவநாசிகள் தீயிட்டனர். மீளக் கட்டப்பட்டு 1997இலே காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்ட அக்கொட்டிலில், கருகிய சுவரின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்திருக்கின்றனர். 2018ஆம் ஆண்டு யூலையிலே வேறுவிதமான ஒரு குழு வந்தது. 'ஜேர்மனிக்கான மாற்று' என்னும் தீவிர வலதுசாரிக் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர் ஒருவரின் தொகுதியிலிருந்து, அவரது அழைப்பின் பேரில், அரச செலவிலே பேர்லினுக்கு வந்தவர்கள் அவர்கள். சாக்சன்ஹவுசனைப் பார்ப்பதும் அவர்களுடைய ஒருநாள் நிகழ்ச்சிநிரலில் இருந்தது. அவர்களுட் சிலர் வழிகாட்டியை இடைமறித்து இடைமறித்து, நச்சுவாயு அறைகள் இருந்தனவா என்று ஐயங் கிளப்பினர். நாசிகளின் குற்றங்களைச் சிறுமைப்படுத்திப் பேசினர். வழிகாட்டி சுற்றுலாவை இடையிலே நிறுத்திவிட்டார். அவர்களுள் ஒருவருக்கு 2019இல் நீதிமன்றம் தண்டம் விதித்தது.

இச்சம்பவத்தையும் லொஸ்னித்சாவின் படத்தையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். 2018இல் வந்தவர்கள் அசையாத கமராவின் முன்னே எப்படித் தோன்றியிருப்பர்? ஒழுங்கான ஆடை, கையிலே பாண் துண்டு இல்லை, கம்பத்தருகே கோமாளித்தனம் இல்லை, வழிகாட்டியின் சொல்லை ஒவ்வொன்றாகக் கூர்ந்து கேட்கும் நடுத்தர வயதினர். பிரயாணிகளின் நடத்தையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் விமர்சகர் அவர்களுக்கு நற்சான்றிதழ் வழங்கியிருப்பார். எள்ளல் வாசக ரீ-சேர்ட்டை அணிந்த இளைஞனோ, மாலையில் விடுதிக்குத் திரும்பியபின் தான் கண்டதில் ஏதோவொன்றை எண்ணி உறக்கமின்றிக் கிடந்திருக்கலாம். முகத்தையும் உடையையும் கண்டு மனிதனை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எந்த இடத்திலும் ஆபத்தானது. வதைமுகாமிலோ அப்பழக்கத்துக்குக் கொடிய முன்வரலாறு உண்டு.

படத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஜேர்மன் எழுத்தாளர் செபால்ட் 2001இல் வெளியிட்ட நாவலின் பெயரையே நெறியாளர் எடுத்துக்கொண்டார். காதுக்கு அவுஷ்விட்ஸ் போல் ஒலிக்கும் பெயர் அது. பிராக் நகரிலிருந்து குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ஒருவன், தெரேசின் முகாமிற் காணாமற்போன தன் தாயை முதுமையிலே தேடிச் செல்லும் கதை. அந்நாவலின் கதைசொல்லியும் ஒரு பிரயாணியே என்பது கவனிக்கத்தக்கது. அன்ட்வேர்ப் நகருக்கு வந்தவன், நாசிகள் சித்திரவதைக் கூடமாகப் பயன்படுத்திய பிறெண்டொங் கோட்டையை ஒரு பகலிலே பார்த்து வருகிறான். நுழைவுச் சீட்டு வாங்கிச் சென்றவனே அவனும். ஆனால், அந்த ஒரு பகலுக்குப் பின்பு அவன் வாசிக்கிறான், விசாரிக்கிறான், பல ஆண்டுகளாக ஒரு மனிதனின் கதையைச் செவிமடுக்கிறான். ஒருநாட் பயணத்தால் ஒன்றும் விளையாது என்று செபால்ட் சொல்லவில்லை. படத்துக்குப் பெயரைக் கடன்வாங்கியவர் அந்த 'பின்பு' என்பதைக் கடன்வாங்காமல் விட்டுவிட்டார். கூட்டம் வாயிலைக் கடந்து வெளியேறுவதோடு அவருடைய அக்கறை முடிந்துபோகிறது.

இங்கே அவருக்குச் சார்பாகவும் பேசவேண்டும். வழிகாட்டிகளின் குரலை அவர் பதிவு செய்துள்ள முறை நுட்பமானது. ஒரே நாளில் ஒரே கொலையை எத்தனை முறை கூறவேண்டியிருக்கிறதோ அத்தனை முறையும் புதிதாகக் கூற முயலும் அக்குரல்களிற் களைப்புத் தெரிகிறது. சிலவேளை கைதேர்ந்த நடிகனின் இடைநிறுத்தமும் தெரிகிறது. கூலிக்குப் பேசும் இம்மனிதர்களே, நேரில் கண்ட சாட்சிகள் ஏறத்தாழ முற்றாக மறைந்துவிட்ட இக்காலத்தில், மறுப்பவனின் முன்னே முதலில் நிற்பவர்கள். 2018இல் நின்றவரும் அத்தகைய ஒருவரே. எம்மைப் பொறுத்தவரை படத்தின் மையப் பாத்திரம் பிரயாணியல்லன், இவ்வழிகாட்டியே. நெறியாளர் அவரை ஓரத்தில் வைத்துவிட்டார் என்பதே எமது முறைப்பாடு.

கியோர்க் எல்சர் என்ற தச்சுத் தொழிலாளியின் கதையையும் அவ்வழிகாட்டிகள் கூறுவதுண்டு. 1939ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி, ஹிட்லர் உரையாற்றும் மியூனிச் மதுச்சாலையின் தூணைப் பல இரவுகள் தனியே குடைந்து அவர் வைத்த வெடிகுண்டு நேரம் தவறாது வெடித்தது. ஹிட்லர் பதின்மூன்று நிமிடம் முந்திப் புறப்பட்டுவிட்டான். எல்சர் சாக்சன்ஹவுசனிலே தனிச்சிறையில் வைக்கப்பட்டு, பின்னர் டாகாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1945 ஏப்ரல் 9ஆந் திகதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்கு இருபது நாட்களே இருந்தன. லொஸ்னித்சா படம்பிடித்த இரு முகாம்களையும் இணைக்கும் மனிதன் இவரே. தளபதிகள் பலர் ஹிட்லரின் வெற்றிகளைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஒரு தொழிலாளி தன் கைத்திறனை மட்டும் நம்பிச் செய்த இச்செயலை ஜேர்மன் சமூகம் உரியவாறு மதிக்கத் தொடங்கப் பல பத்தாண்டுகள் சென்றன.

சாக்சன்ஹவுசனிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தொலைவிற் கால்வாயோரமாக ஒரு செங்கற் சூளை இருந்தது. ஹிட்லர் கனவுகண்ட புதிய பேர்லினுக்குக் கல் அறுப்பதற்காக எஸ்.எஸ். படையின் வாணிப நிறுவனம் 1938இல் அதைத் தொடங்கியது. கைதிகள் மிகவும் அஞ்சிய வேலைத்தலம் அதுவே. இளஞ்சிவப்பு முக்கோணம் அணிந்த கைதிகள் பலரை 1942ஆம் ஆண்டுக் கோடையிலே அங்கு திட்டமிட்டுக் கொன்றனர். இன்று அவ்விடத்திலே பெரிய கட்டடம் எதுவும் எஞ்சவில்லை. நின்று படம் பிடிப்பதற்கு வாயிலும் இல்லை. பேர்லினிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவோரின் கால அட்டவணையில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. லொஸ்னித்சாவின் கமராவை ஒரு கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமையில் அங்கு நிறுத்தினால், அதன் முன்னே கடந்துபோவோர் மிகச் சிலராகவே இருப்பர்.